தெய்வம் காப்பாற்றி வைத்தவர்கள்

ஜெர்மனியை ஆண்ட அந்தச் சர்வாதிகாரிக்குக் கடவுள் நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பதை நூறு பக்கத்துக்கு மேல், இரண்டு கார்பன் பிரதிகளோடு, நான் டைப் அடித்திருக்கிறேன். திருவண்ணாமலையில் அப்படி ஒரு வேலை செய்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த நாட்களை நினைத்தாலே எனக்கு முதலில் தோள்பட்டைதான் வலிக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். மதியம் வெளி வேலை: கோர்ட் மனு, பத்திர நகல், தாலுகா ஆபீசுக்குப் போகிற விண்ணப்பம். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களும் எப்போதாவது படியேறி வருவார்கள். தியானத்தில் கண்டதை எழுதிக்கொண்டு வருவார்கள். எல்லாருக்கும் ஒளிதான் தெரிந்திருக்கும். அடித்து அடித்து எனக்கு அந்த ஒளி சலித்துப்போயிருந்தது.

அந்த அம்மாள் கொண்டுவந்தது வேறு. ஐம்பதைத் தாண்டியவர். நரைத்த முடியைக் காதோடு வெட்டியிருப்பார். கைத்தறிப் புடவை எப்போதும் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். ஜெர்மனிக்காரர். ஜோல்னாப் பையிலிருந்து கட்டுக்கட்டாகத் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். சொந்த பாஷையில் எழுத உட்கார்ந்தால் அப்பாவின் குரல் காதில் கேட்கிறது, கை ஓடவில்லை என்றார். அவர் என்னிடம் பேசியதெல்லாம் நிதானமான ஆங்கிலம்தான். இங்கே அதை என் தமிழில் எழுதுகிறேன்.

என்ன விஷயம் என்று முதல் தாளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. அன்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் செங்கம் ரோட்டில் உரக்கடை வைத்திருந்தார்.

"அவனா? வெள்ளைக்காரன வெரட்டி வெரட்டி அடிச்சவனாச்சே. நல்லா அடிச்சிக் குடு," என்றார்.

அப்போது எங்கள் ஊரில் பலருக்கும் அவனைப்பற்றி அவ்வளவுதான் தெரியும். பிள்ளைக்கு அவன் பெயரை வைத்தவர்களும் உண்டு. எனக்கும் அதற்குமேல் தெரியாது. தெரியாமல் இருந்தது எவ்வளவு வசதி என்று, அடிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

அந்த அம்மாள் எழுதியிருந்தது இதுதான். அந்த ஆள் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவன். சின்ன வயதில் சர்ச்சில் பாடகர் குழுவில் நின்று பாடியவன். வளர்ந்த பிறகு பூசைக்குப் போவதை விட்டான். பாதிரிமார்களை முதுகுக்குப் பின்னால் கேலி பேசினான், தேவைப்பட்டபோது மேடையில் அவர்களோடு கை குலுக்கினான். ஆனால் சபையிலிருந்து தன் பெயரை மட்டும் கடைசிவரைக்கும் எடுத்துக்கொள்ளவில்லை. ஏசு யூதர் என்பதையே ஒப்புக்கொள்ளாத ஒரு கூட்டம் அவன் நிழலில் வளர்ந்தது. அவன் மேடையில் அதிகம் கூப்பிட்டது ஏசுவை அல்ல, தெய்வச் சித்தம் என்று ஒன்றை. அது தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, தன்னை நடத்திக்கொண்டு போகிறது என்றான். ஜெயித்த இடத்தில் எல்லாம் சித்தம் ஜெயித்தது. தோற்ற இடத்தில் ஜனங்களுக்குத் தகுதி போதவில்லை.

இதில் படித்தவர்கள் இரண்டு கட்சியாம். நம்பவே இல்லை, ஊரை ஏமாற்ற வேஷம் போட்டான் என்பது ஒரு கட்சி. நெஞ்சார நம்பினான் என்பது இன்னொரு கட்சி. அந்த அம்மாள் ஓர் அத்தியாயத்தில் இந்தப் பக்கம் சாய்வார், அடுத்ததில் அந்தப் பக்கம். நான் அடித்து முடித்த தாளையே கிறுக்கிக்கொண்டு திரும்பி வருவார். மூன்றாம் முறை அதே பக்கத்தை அடிக்கும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன, செத்தவர்கள் செத்தவர்கள்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை. அலுப்பை வெளியே சொல்லாமல் இருப்பதில் எனக்கு அதற்குள் நல்ல பழக்கம் வந்துவிட்டிருந்தது.

ஒரு புரட்டாசி மதியம் குண்டு வெடித்த பக்கம் வந்தது. போர் தோற்றுக்கொண்டிருந்த நேரம். அவனுடைய அதிகாரிகள் சிலரே அவனைக் கொல்லத் திட்டம் போட்டு, ஆலோசனை நடக்கிற அறையில் மேஜைக்கு அடியில் ஒரு தோல்பையை வைக்கிறார்கள். பைக்குள் குண்டு. பை காலில் இடறுகிறது என்று யாரோ அதை மேஜையின் கனமான கட்டைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார். வெடிக்கிறது. பக்கத்தில் நின்றவர்களில் சிலர் செத்துப்போகிறார்கள். அவன் கிழிந்த கால்சட்டையோடு எழுந்து வருகிறான். தன் வேலையை முடிப்பதற்காகத் தெய்வம் தன்னை விட்டுவைத்திருக்கிறது என்று ரேடியோவில் நாட்டுக்குச் சொல்கிறான்.

அந்த வரியில் என் விரல் நின்றுவிட்டது. இதே வார்த்தையை நான் என் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், என் வீட்டுக்காரர் செங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். டிரைவருக்குப் பின் சீட். வழியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். இவர் எழுந்து இடம் கொடுத்துவிட்டுக் கடைசிக்குப் போய் நின்றுகொண்டார். கரும்பு லாரி மோதியது. பஸ்ஸின் முன்பாதி இல்லாமல் போயிற்று. இவர் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க ரத்தம், அவருடையது ஒரு சொட்டும் இல்லை. "அண்ணாமலையான் என்ன எதுக்கோ வெச்சிருக்கான்," என்றார். எங்கள் பெண் அப்போது ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ. அப்பாவின் சட்டையைப் பார்த்து அலறியவளை நான் தேற்றவில்லை. சாமி அலமாரிமுன் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாரமே ஈரப்புடவையோடு மலை சுற்றினேன்.

இடம் வாங்கிக்கொண்ட அந்தப் பெண்ணைப்பற்றியும் குழந்தையைப்பற்றியும் அவர் ஒருமுறைகூடப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்களை மட்டும் ஏன் வைத்திருக்கவில்லை என்று அண்ணாமலையானைக் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்கு முன் அவர் சாதாரண மனுஷன். சட்டைத்துணி எடுக்கக்கூட என்னைக் கேட்பார். குடையைப் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்து, தானே சிரிப்பார். அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. கை ஓங்கினார், கத்தினார் என்றெல்லாம் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். எது கேட்டாலும், "சாமியக் கேட்டுடலாம்," என்பார். அதற்குமேல் யாரும் பேச முடியாது.

சாமியைக் கேட்பது என்றால் பூக்கட்டிப் பார்ப்பது. எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஒரே அளவில் இரண்டு காகிதம். ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி, இரண்டிலும் துளி விபூதி. மடித்துச் சாமி படத்துக்குமுன் போட்டு, கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் உத்தரவு உண்டு, சிவப்பு வந்தால் இல்லை. மற்ற வீடுகளில் கல்யாணம், காடு வாங்குவது என்று வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டுமுறை. உரத்துக்கு ஆர்டர் போடுவதா, என் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போவதா, கூரைக்கு ஓடு மாற்றுவதா, எல்லாம். பொட்டலம் கட்டுவது என் வேலை. எடுப்பது அவர்.

மறுநாள் அந்த அம்மாள் வந்தபோது, "அந்த ஆள் ரேடியோவில் சொன்னது பொய்யா, நிஜமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். அத்தனை நாளில் நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொய்யாக இருந்தால் எங்கேயாவது ஓர் இடத்தில் கூச்சம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. அதனால் நம்பினான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவனுடைய தெய்வம் அவனை ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை. கவனித்தீர்களா?"

கவனித்திருந்தேன், வேறோர் இடத்தில். வேங்கிக்காலில் அப்போது மனை பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மனைமேல் இவருக்கு ஆசை. பூக்கட்டினோம். சிவப்பு வந்தது. "மனசு ஒரு நிலையில இல்ல, திரும்பக் கட்டு," என்றார். திரும்பவும் சிவப்பு. "ராகுகாலம் தாண்டிடுச்சா பாரு," என்றார். மூன்றாவது முறை வெள்ளை வந்தது. கண்ணில் நீரோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். நடிப்பு இல்லை. அவர் நடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பொய் சொல்கிற புருஷனோடு சண்டை போடலாம், சமாதானமும் ஆகலாம். இவரோடு என்ன செய்வது?

அதே சமயத்தில்தான் பெண்ணுக்கு அந்தக் கடிதம் வந்தது. பிளஸ் டூ முடித்திருந்தாள். வேலூரில் நர்ஸ் படிப்புக்கு நானும் அவளுமாக விண்ணப்பம் போட்டிருந்தோம். இடம் கிடைத்திருந்தது. இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும், அப்பா கையெழுத்து வேண்டும், ஹாஸ்டலில் தங்க வேண்டும். இன்னொரு பக்கம், அடி அண்ணாமலையில் இவருடைய தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் இருந்தான். நிலம் இருந்தது, நல்ல பையன்தான், ஜாஸ்தி பேசமாட்டான். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் கடிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். அவர் நிதானமாகப் படித்தார்.

"நல்ல விஷயந்தான். வெள்ளிக்கிழம சாமியக் கேட்டுடலாம்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நான் அடுப்படியில் காகிதம் கிழித்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள், கெஞ்சவில்லை.

"ரெண்டுலயும் நந்தியாவட்டையே வெச்சுடும்மா."

"இன்னாடி பேசற? சாமி விஷயம்."

"அப்பா இன்னொண்ணப் பிரிச்சே பாக்கறது இல்லம்மா. நீதான செடியில போடற."

அது உண்மை. எடுக்காமல் விட்ட பொட்டலத்தை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. என் கையில் நாலைந்து நந்தியாவட்டை இருந்தது. ஒன்று போதும், இன்னொன்றையும் மடிக்க ஒரு நிமிஷம் ஆகாது. நூறு பக்கம் அடித்தவள் நான். தெய்வம் எப்படி ஓர் ஆளின் வாய்க்குத் தகுந்தபடி பேசும் என்று எழுத்தெழுத்தாகத் தெரிந்தவள். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பக்கங்கள் இல்லை, ரத்தச் சட்டையோடு இவர் வாசலில் வந்து நின்றதுதான். என் தாலியைக் காப்பாற்றியவன் முன்னால் போய் எப்படிக் கள்ளப் பூ வைப்பது? அவரை எதற்கோ வைத்திருக்கிறான் என்பதை அவர் மட்டும் நம்பவில்லை. நானும் நம்பினேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒன்றில் நந்தியாவட்டை வைத்தேன், ஒன்றில் செவ்வரளி வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனாள்.

அவர் குளித்துவிட்டு வந்தார். கற்பூரம் காட்டினார். பொட்டலங்களைக் கைக்குள் வைத்துக் குலுக்கிப் படத்துக்குமுன் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கை ஒன்றின்மேல் போனது, நின்றது, மற்றதன்மேல் போனது, திரும்பி வந்தது. எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

"அவ்ளோதான். உத்தரவு இல்ல," என்றார்.

"இன்னொரு தடவ கட்டட்டுமாங்க?"

"சாமிய சோதிக்கக் கூடாது."

அவர் குரலில் குரூரம் இல்லை. வருத்தம்கூட இருந்தது. வேங்கிக்கால் மனையை நினைவுபடுத்த என் வாய்வரை வந்தது. வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினேன். கூடத்தில் நின்றிருந்த பெண், கடிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தாள். அழவில்லை. அன்றைக்கு இட்லிக்கு அவள்தான் சட்னி அரைத்தாள்.

திங்கட்கிழமை இன்ஸ்டிடியூட்டில் ரிப்பனை மாற்றும்போது தலைகீழாக மாட்டிவிட்டேன். அந்த அம்மாள் என்னவென்று கேட்டார். நான் சொன்னேன். சொல்ல எனக்கு வேறு ஆளும் இல்லை. பூ, பொட்டலம், உத்தரவு எல்லாவற்றையும் என் ஆங்கிலத்தில் விளக்கி முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பொட்டலத்தை யார் கட்டியது?"

"நான்தான்."

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து ஜன்னல்பக்கம் போய் நின்றுகொண்டார். கீழே பூக்காரிகள் யாரோ சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அவருடைய அப்பாவைப்பற்றிச் சொன்னார். சிறிய ஊரில் புராட்டஸ்டண்ட் சபைப் பாதிரியார். அந்த ஆளை ஒருநாள்கூட நம்பியவர் இல்லை. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தை மட்டும் தன் கையால், அழகான எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக்கொண்டு போவார். தலைவனைக் காப்பாற்றிக் கொடுத்த கடவுளுக்கு நன்றி என்று, குண்டு வெடித்த அந்த வாரத்திலும் வாசித்தார். பதினைந்து வயதுப் பெண்ணாக இவர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

"அந்த ஆள் நம்பினானா என்று எழுதுவது எனக்குச் சுலபம். அதனால் அதை எழுதுகிறேன்," என்றார். "அப்பாவைப்பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. பத்து வருஷமாக முதல் வரி வரவில்லை."

எனக்குக் கோபம் வந்தது. என் பெண்ணைப்பற்றிச் சொன்னால் இவர் எதற்குத் தன் அப்பாவைப்பற்றிச் சொல்கிறார் என்று. அன்று மிச்சமிருந்த நாலு பக்கத்தையும் அவரோடு பேசாமலே அடித்துக் கொடுத்தேன். மாசி மாதம் அவர் ஊருக்குப் போய்விட்டார். கடைசி அத்தியாயம் அடிக்க வரவே இல்லை. வேலூரில் சேரச் சொன்ன தேதி அதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டது. தை மாதத்திலேயே எங்கள் பெண்ணின் கல்யாணம் முடிந்திருந்தது.

அவள் கெட்டுப்போகவில்லை. மாப்பிள்ளை நல்லவர்தான். நிலக்கடலை போடுவார்கள், பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு வீட்டு வாசலில் கடை வைப்பார்கள். இரண்டு பிள்ளைகள். நான் போனால் எனக்குப் பிடித்த குழம்பு வைப்பாள். வேலூரைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்ததால்.

எண்பதுகளின் கடைசியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கள் பெண் தன் பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து கூடவே இருந்தாள். இரண்டாம் நாள் காலை ஒரு நர்ஸ் வந்தாள். இவள் வயதுதான் இருக்கும். படுக்கையில் இருப்பவரை முதுகு புண்ணாகாமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, விழுந்த பக்கத்தை எப்படித் தாங்கிக்கொள்வது என்று ஒருமுறை செய்து காட்டினாள். அடுத்தமுறை என் பெண்ணைச் செய்யச் சொன்னாள். இவள் ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, அப்பாவை அலுங்காமல் திருப்பி, தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தாள்.

"நீங்க ட்ரெய்னிங் எடுத்தீங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்லீங்க," என்றாள் இவள்.

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவர் தூங்கிப்போனார். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதையாவது சொல்ல வேண்டும் என்று, "அப்பா மேல கோவம் வெச்சுக்காதம்மா," என்றேன்.

"அப்பா மேல எனக்கு எப்பவுமே கோவம் இல்லம்மா. எதுல இன்னா இருக்குதுனு அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"நான் கட்டுனேன், அவ்ளோதான். குலுக்கிப் போட்டது அவரு."

"அரளிக்குக் காம்பு பெருசு. பொட்டலம் ஒரு பக்கம் தூக்கிக்கினு நிக்கும். நீ எப்பவும் அதத்தான் பாத்துனு இருப்ப. சின்னதுலருந்து நான் உன் மொகத்தப் பாத்தே சொல்லிடுவேன், இன்னா வரப்போவுதுனு." அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "அன்னிக்கு அப்பா கை மொதல்ல அரளி மேல வந்து நின்னுச்சு. அப்புறம் வெள்ள மேல போச்சு. திரும்ப அரளிக்கு வந்துச்சு. அவ்ளோ நேரம் இருந்துச்சும்மா. நீ ஒரு வார்த்த, இருங்கனு சொல்லியிருந்தா, ஒரு இருமல் இருமியிருந்தாக்கூட, கை நகந்திருக்கும். நீ கண்ண மூடிக்கின."

அந்தக் காட்சியை மேலே எழுதும்போது இதை எழுதாமல் விட்டுவிட்டேன். அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. கட்டிய ஒவ்வொரு முறையும் எது எதுவென்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று அவர் கை சிவப்புக்குத் திரும்பி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன், சாமி கும்பிடுகிறவளாக.

"டீ வாங்கியாரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவள் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள்.